நாற்பத்தேழாவது கம்பம்

பதினோராம் நாள்.
பாத்கென் நகரில் ஓர் அரசுக் கட்டடம், இரண்டாம் மாடி.
வெந்நீர்க் குழாய் இரவெல்லாம் முனகும் அறை.
ஒரு பக்கம் கிர்கிஸ் குழு, எதிரே தாஜிக் குழு,
மேசையின் தலைமாட்டில் ஹெல்சிங்கியிலிருந்து வந்த ரைனே,
நடுவர்.
அவருக்குச் சிறுநீரகத்தில் கல்.
"எல்லைக் கல்லைவிட இதுதான் முதலில் நகரும்"
என்று இடைவேளையில் என்னிடம் மட்டும் சொன்னார்.
நான் மொழிபெயர்ப்பவள்.
இந்தச் சிரிப்பை எந்த மொழியில் இறக்குவதென்று தெரியாமல்
ஆறிய தேநீரைக் குடித்தேன்.

வரைபடங்கள் இரண்டு.
ஒன்றில் கோடு ஓடைக்கு இப்பால்,
மற்றதில் அப்பால்.
பழைய தாளில் கிடந்த பென்சில் தடத்துக்கே
தரையில் எண்பது மீட்டர் அகலம்.
"அன்றைக்கு அவன் பென்சிலைச் சீவியிருந்தால்
நாம் இன்றைக்கு வீட்டில் இருந்திருப்போம்"
என்றார் கர்னல் தாலய்பெக், ருஷ்ய மொழியில்.
எதிரே சைதுமர் சிரித்துவிட்டார்,
நான் வாய் திறக்கும் முன்பே.
பதினோரு நாளில் எனக்கு வேலை வைக்காத ஒரே வாக்கியம்.

அந்த எண்பது மீட்டருக்குள் இருந்தவை
ஒரு வாய்க்கால் மதகு,
ஒன்றரை வீடு,
ஹொல்முரோதின் ஆப்ரிகாட் மரம்.

மதகு முடிந்தது: இரண்டு பூட்டு, இரண்டு சாவி,
ஒருவர் இல்லாமல் ஒருவர் திறக்க முடியாது.
அரை வீட்டுக்கு விலை பேசினார்கள்.
அடுப்படி போனால் போகட்டும் என்றான் வீட்டுக்காரன்,
மனைவி வேறு மாதிரி சொன்னாள்,
அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

மரம்தான் வழிவிடவில்லை.
கம்பம் எண் நாற்பத்தேழு
சரியாக அதன் நடுத்தண்டில் விழுந்தது.
இரண்டு மீட்டர் கிழக்கே தள்ளினால் இவர்களுக்குப் பாதை போச்சு,
மேற்கே தள்ளினால் அவர்களுக்குத் தண்ணீர்.
வேலியைத் தாண்டி விழும் பழத்தை
ஜிபார் தன் தகரக் கூரையில் காயப்போடுவாள்,
இலையுதிர் காலத்தில் ஒரு கிண்ணம்
உப்புத் தயிர் உருண்டை திருப்பித் தருவாள்.
இருபது வருஷக் கணக்கு, எழுத்தில் இல்லாதது.
அவளுக்கு அது ஒரூக்,
அவனுக்கு ஸர்தோலு.
ஆவணத்தில் நான் எழுதியது:
'பழமரம், ஒன்று.'

நான்கு மணி நேரம்.
மரத்துக்குப் பொதுவுடைமை,
மரத்தைச் சுற்றி வளைந்து போகும் கோடு,
பழத்துக்குச் சுங்கவரி உண்டா இல்லையா,
இலை எந்த நாட்டுக் குப்பை.
ரைனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு
"நேரில் பார்த்துவிடலாம்" என்றார்.

மறுநாள் காலை போனோம்.
பனி பாதி உருகிய சேறு, இரண்டு ஜீப்,
இரண்டு நாட்டு நில அளவையர்.
மரம் இல்லை.

அடிக்கட்டை இருந்தது.
புது வெட்டு, மஞ்சள்,
விளிம்பில் பிசின் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.
ஹொல்முரோத் ரம்பத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.
யாரும் கேட்கவில்லை.
அவனாகச் சொன்னான்:
"போன வருஷம் மதகுக்காக அண்ணன் மகனைப் புதைத்தோம்.
இதற்காக இன்னொருத்தன் வேண்டாம்."
கிர்கிஸ் மொழியில் அதைச் சொல்லத் தொடங்கினேன்.
கர்னல் கையைக் காட்டினார்,
புரிகிறது, போதும்.

அளவையர் கொஞ்ச நேரம் நின்றார்கள்.
பிறகு இளையவன் குனிந்து பார்த்து
கட்டை நல்ல சமமாக இருக்கிறது என்றான்.
கருவியை அதன்மேல் வைத்தார்கள்.
செயற்கைக்கோள் ஒன்பது அகப்பட்டன.
ரைனேயின் உதவியாளர் எழுதினார்: 'தடை நீங்கியது.'
அதை இரண்டு மொழியில் நான் போட வேண்டும்.
இரண்டிலும் சொல் இருக்கிறது.
அதுதான் தொல்லை.

விறகை இரண்டு குவியலாக அடுக்கியிருந்தான்,
வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
ஏறக்குறைய சமம்.
ஜிபார் வெளியே வந்தாள்.
தன் பக்கத்துக் குவியலைத் தொடவில்லை.
அதன்மேல் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நிறைந்த கிண்ணமா, வெறுமையா,
ஜீப் அதற்குள் திரும்பிவிட்டது,
நான் பார்க்கவில்லை.